முள் அடித்த இடம்

வளையத்தைக் கழற்றினால் தெரிந்துவிடும், அவ்வளவுதான். உள்பக்கமாக மடிந்திருக்கும் மூன்று பற்களை நிமிர்த்தி, வளையத்தைக் கால் சுற்று திருப்பினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். நாற்பத்தேழு வருஷத்தில் மாரண்ணன் இப்படித் திருப்பிய வளையங்கள் எத்தனையோ. ஆனாலும் காலை எட்டு மணியிலிருந்து அந்த ஸ்பீடோமீட்டரை மேசையில் விரித்த துண்டின்மேல் வைத்துக்கொண்டு, துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியின் உள்பக்கம் பாலாடை படர்ந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. அதற்குப் பின்னால் கறுப்பு டயல் நிழலாகத் தெரிந்தது. எண்கள் தெரியவில்லை, முள் தெரியவில்லை, முள் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதுவும் தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் சிங்காநல்லூர் வெயிலைத் தகரக் கூரையில் தாங்கிக்கொண்டு ஷெட், ஷெட்டுக்குள் கார். இரண்டே பேர் உட்காரும் கார், கூரை இல்லாதது, இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. மூன்று வாரத்துக்கு முன் லாரியிலிருந்து இறக்கியபோது எண் பலகையைப் பார்த்த அந்த நிமிஷமே, முடியாது, எனக்கு வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள், "ஏனுங்ணா, உள்வேலைக்கும் மீட்டருக்கும் உங்களை விட்டா இந்தப் பக்கம் ஆள் இல்லையாமுங்க" என்று அந்த அம்மிணி சொல்லிவிட்டாள். இந்துமதி என்று பெயர். காரை ஓட்டிப்போய்ச் செத்த சுதர்சனின் தங்கை. அண்ணன் சாகும்போது பத்தொன்பது வயது, இப்போது அறுபத்தெட்டு. இத்தனை வருஷம் மில் குடோனில் தார்ப்பாய் போட்டுக் கிடந்த காரை எடுத்துத் தானே ஓட்டப் போகிறாளாம். இஞ்சினும் பிரேக்கும் வேறொரு பட்டறையில் முடித்து, உள்வேலைக்கு மட்டும் இங்கே அனுப்பியிருந்தாள். சரிங்க அம்மிணி என்று இவரும் சொல்லிவிட்டார். அந்தச் "சரிங்க" எங்கேயிருந்து வந்தது என்று இன்றுவரை அவருக்கு விளங்கவில்லை. இப்போது சீட்டுக்குப் புதுப் பச்சைத் தோல் தைத்தாயிற்று. உள்ளே அடைத்திருந்த குதிரை முடியைத் துவைத்து, உலர்த்தி, பஞ்சுபோல் பிரித்து மறுபடி அடைத்தாயிற்று. டேஷ்போர்டு பலகை இழைத்து மெருகேறி நிற்கிறது. அதன் ஐந்து ஓட்டைகளில் நான்கில் ஆயில், டெம்பரேச்சர், பெட்ரோல், ஆம்பியர் மீட்டர்கள் கண் திறந்து உட்கார்ந்துவிட்டன. நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை மட்டும் காலி. பத்து மணிக்கு வந்து பார்ப்பதாக அம்மிணி போனில் சொல்லியிருந்தாள். டயலைச் சுரண்டிப் புதுக் கறுப்பு அடித்து எண்களைப் புதிதாக எழுதச் சொல்லி முதல் நாளே உத்தரவு. சுரண்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். பார்த்தால், நான் கொன்றேனா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கொன்றேனா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை, அதுதான் கஷ்டம். யாராவது சட்டையைப் பிடித்திருந்தால் இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஒருநாள் நம்பியிருப்பார். அறுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம், பெஞ்சமின் மேஸ்திரியின் பட்டறை, இவருக்கு இருபத்துமூன்று வயது. பிரேக் குழாயில் காற்று புகுந்து பெடல் பஞ்சாக இருக்கிறது என்று சுதர்சன் காரை விட்டுப் போயிருந்தான். காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். மேஸ்திரி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பார், மாரண்ணன் கீழே படுத்துச் சக்கரத்துக்குச் சக்கரம், காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து, குமிழி போனதும் இறுக்குவார். மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவது, பின்பக்கம் வலது. குமிழி நின்று ஆயில் சுத்தமாக வந்தது, அது ஞாபகம் இருக்கிறது, கண்ணாடிக் குப்பியில் அது தேன் நிறத்தில் இறங்கியது ஞாபகம் இருக்கிறது, ஸ்பேனரின் வாய் நிப்பிளைக் கவ்வியது ஞாபகம் இருக்கிறது. அப்போதுதான் வாசலில் மாமா வந்து நின்று, "டேய் மாரா, உங்கம்மா பஸ்ஸுல உக்காந்துட்டா, பொண்ணூட்டுல பத்து மணிக்கு மேல ராகு காலமாமா, கிளம்புடா" என்று கத்தினார். மேஸ்திரி சிரித்து, "போடா மாப்ளே, மூஞ்சிய நல்லாக் கழுவு, கிரீஸ் மீசையோட போய் நின்னுராதே" என்றார். அடுத்து ஞாபகத்தில் இருப்பது சோப்பு நுரை. ஸ்பேனர் நிப்பிளைக் கவ்வியதற்கும் சோப்பு நுரைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கை திரும்பியதா? அரைச் சுற்று திரும்பி "கிர்" என்று பிடித்து நிற்குமே, அந்தப் பிடிப்பு கையில் வந்ததா? இந்த ஐம்பது வருஷத்தில் எத்தனை முறை அங்கே படுத்துப் பார்த்திருப்பார். ஒருநாள் கை திரும்பும், ஒருநாள் திரும்பாது. ரொம்ப நேரம் உற்று நினைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். நிப்பிள் நூலளவு தளர்ந்திருந்தாலும் முதலில் தெரியாது. பெடல் கல்லாக நிற்கும். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சொட்டு கசிந்து, பதினைந்து இருபது மைல் போன பிறகு ஒரு மிதியில் தரையைத் தொடும். சுதர்சன் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு பாலக்காட்டு ரோட்டில் போய் எட்டிமடையைத் தாண்டிப் புளியமரத்தில் மோதினான். சரியாகப் பதினேழு மைல். மறுநாள் காலை போலீஸ்காரர் பார்த்துவிட்டு, அசுர வேகம், பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டார் காரை எடுத்துப்போய்ப் பூட்டிவிட்டார்கள், மேஸ்திரியைக்கூடக் கிட்டே விடவில்லை. வேகத்தால் செத்தான் என்று ஊரே சொன்னது. தடமே இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் மாரண்ணனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பிடிக்காத பிரேக்குக்கு ஏது தடம். ஆவணியில் ருக்மணியைக் கல்யாணம் செய்தார். அவளை முதன்முதலில் பார்க்கப் போவதற்காகத்தான் ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்தார் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது. நாற்பத்தாறு வருஷம் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லி அவர் வாய்விட்டுச் சிரிக்கும்போதெல்லாம், சிரிப்பின் நடுவில் எங்கோ ஒரு நிப்பிள் சொட்டும். சட்டென்று நிறுத்திவிடுவார். "இந்த மனுசனுக்குச் சிரிப்புகூட அளவுச்சாப்பாடுதான்" என்பாள் அவள். மூன்று வருஷமாக அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் பிரேக்கைத் தொடவில்லை. சீட்டு, தோல், கதவு அட்டை, மீட்டர், ஆளைக் கொல்லாத வேலை எதுவோ அதுதான். மீட்டர் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித்தர அப்போது ஊரில் ஆளும் இல்லை. எழுபத்தொன்றில் செத்துப்போன ஒரு ஸ்பீடோமீட்டரை விலைக்கு வாங்கி வீட்டுத் தரையில் பிரித்துப் போட்டார். கியர் பெட்டியிலிருந்து வரும் ஒயர் ஒரு சின்னக் காந்தத்தைச் சுற்றுகிறது, அதுவரை சரி. காந்தத்தின்மேல் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு அலுமினியத் தட்டு, தட்டின் தண்டில் முள். காந்தத்தையும் தட்டையும் இணைக்கிற பல்சக்கரம் எங்கே? கீழே விழுந்து உருண்டிருக்கும் என்று பாயை உதறினார், அரிசி மூட்டையை நகர்த்தினார், ருக்மணியைத் தரையைக் கூட்டவிடாமல் மூன்று நாள் தவழ்ந்து தேடினார். "காணாமப்போனது எம்மாம் பெருசுங்க, உளுந்தாட்டமா கடுகாட்டமா?" என்று அவளும் சேர்ந்து தேடினாள். மூன்றாம் நாள் சலித்துப்போய் ஒயரின் முனையை விரலால் சுழற்றியபோது முள் எழுந்தது. எழுந்து நடுங்கிக்கொண்டு நின்றது. காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளி, ஒன்றையொன்று தொடவே இல்லை, காந்தம் சுற்றச் சுற்ற, தொடாமலே தட்டு அதன் பின்னால் போக ஆசைப்பட்டது, தலைமயிர் கனத்தில் ஒரு ஸ்பிரிங் போகாதே என்று இழுத்துப் பிடித்தது. அந்த ஆசைக்கும் இந்தப் பிடிப்புக்கும் நடுவில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். காணாமல் போனது ஒன்றுமே இல்லை. அன்று அவருக்குப் புல்லரித்தது இத்தனை வருஷத்தில் குறையவே இல்லை, இன்றும் ஒவ்வொரு மீட்டரிலும் முதல் தடவை முள் எழும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்ப்பார். அப்புறம், மோதி நொறுங்கிய வண்டிகளின் மீட்டர்கள் வரத் தொடங்கின. அவற்றின் டயலில் சில சமயம் ஒரு மெல்லிய கோடு இருக்கும். மோதும் அதிர்ச்சியில் முள் வளைந்து டயலில் அடிக்கிறது, முள்ளின் பெயின்ட் அங்கே ஒட்டிக்கொள்கிறது. முள் அப்புறம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், கோடு திரும்பாது. ஒரு லாரி நாற்பதில் எழுதியிருந்தது, ஒரு ஜீப் ஐம்பத்தைந்தில். அந்தக் கோட்டை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளிலேயே அவர் நினைப்பு மில் குடோனுக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒரு டயல் இருக்கிறது. பார்க்கிறவர்கள் பெரிய எண்ணில் கோடு இருந்தால் ஓட்டியவன் தப்பு, சின்ன எண்ணில் இருந்தால் மெக்கானிக் தப்பு என்று நினைப்பார்கள். அது அப்படியே தலைகீழ். மீட்டருக்குக் காரின் வேகம் தெரியாது, பின்சக்கரம் சுற்றுவதுதான் தெரியும். பிரேக் பிடிக்காமல் மோதியிருந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே போயிருக்கும், கோடு அறுபதிலோ எழுபதிலோ இருக்கும். பிரேக் கவ்விப் பிடித்திருந்தால் சக்கரம் நின்றுவிடும், கார் வழுக்கிப் பறந்தாலும் முள் கீழே விழுந்துவிடும், கோடு அடியில் இருக்கும். அறுபது என்றால் நான். அடியில் என்றால் நான் இல்லை.

மணி ஒன்பதேகால். எப்போது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார் என்று தெரியவில்லை, முதல் பல் நிமிர்ந்துவிட்டது. துருப்பிடித்த இரண்டாவது பல் ஒடிந்து மேசையில் விழுந்தது, பரவாயில்லை, வளையம் புதிது போடலாம். மூன்றாவது. ருக்மணி ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையைப் பிடித்தபோதும் இப்படித்தான் விரல் நுனி ஜில்லென்று இருந்தது, அவருடைய விரல், அவளுடையது சூடாக இருந்தது. வளையம் திரும்ப மறுத்து, திரும்ப மறுத்து, ஒரேயடியாகத் திரும்பியது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காற்று அதற்குள் இருந்ததா என்ன, ரப்பரும் ஈரத் துணியும் கலந்த மணம் மூக்கைத் தொட்டுவிட்டுப் போயிற்று. கண்ணாடியை எடுத்து அப்பால் வைத்தார். டயல் கறுப்பாக, ஆச்சரியமாக, நேற்று அடித்த கறுப்பாக இருந்தது. முள் பூஜ்யத்தில், தன் தடுப்பு முளையில் சாய்ந்து தூங்கியது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸைக் கண்ணில் பொருத்தி, விளக்கைச் சாய்த்துக்கொண்டு, எங்கே இருக்கும் என்று ஐம்பது வருஷமாகப் பயந்தாரோ அங்கேயே முதலில் போனார். அறுபது. கறுப்பு. எழுபது, எண்பது, நூறு வரைக்கும் போய்த் திரும்பினார். கறுப்பு. அறுபதை நம்பாமல் மறுபடி பார்த்தார், ஒரு தூசி வெள்ளையாக நின்று நெஞ்சை நிறுத்திவிட்டு ஊதியதும் பறந்தது. ஐம்பது. நாற்பது. எண்களின் வளைவுகள் லென்ஸுக்குள் பெரிய பெரிய ரோடுகள்போல் வந்து போயின. முப்பது. இருபது. கோடே இல்லையோ, முள் அடிக்கவே இல்லையோ, அப்படியும் நடப்பதுண்டு, அப்படியென்றால் கடைசி வரை இப்படியேதான். பத்து. பத்துக்குக் கீழே, முள் தூங்குகிற முளைக்கு ஒரு நெல் அளவு மேலே, கறுப்பின்மேல் வெண்ணெய் நிறத்தில், மயிரிழைபோல், ஒரு கோடு.

அவர் அசையவில்லை. லென்ஸின் ஓரம் மூச்சில் பனித்தது, தெளிந்தது, கோடு அங்கேயே இருந்தது. சக்கரம் நின்றிருந்தது. மரம் வருவதற்கு முன்பே நின்றிருந்தது. ஒரு இருபத்தைந்து வயதுப் பையன் தன் வலது காலை ஊன்றி மிதித்தான். அவன் மிதித்தது குழாயில் ஆயிலாக ஓடி, பின்பக்கம் வலது நிப்பிளைத் தாண்டி, ஒரு சொட்டும் கசியாமல் தாண்டி, பிரேக் கட்டையை விரித்து, சக்கரத்தை நிறுத்தி, ஒயரை நிறுத்தி, காந்தத்தை நிறுத்தியது. ஆசைப்பட ஏதுமில்லாமல் தட்டு விட்டுக்கொடுத்தது, மயிர் ஸ்பிரிங் முள்ளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. முள் வீடு போய்ச் சேர ஒரு நெல் அளவு மிச்சம் இருக்கும்போது மரம் வந்துவிட்டது. இத்தனையும் கண் சிமிட்டும் நேரம். எழுதியது யார்? யாரும் எழுதவில்லை. போலீஸ்காரர் எழுதினார், பத்திரிகைக்காரர் எழுதினார், மாரண்ணன் ராத்திரி ராத்திரியாக மனசுக்குள் எழுதினார், எல்லாம் தப்பு. தகரக் குடோனின் இருட்டில், பாலாடைக் கண்ணாடிக்குப் பின்னால், யார் கேட்பார்கள் என்ற கவலையில்லாமல் உண்மை பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அவருக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது, எதை என்று தெரியவில்லை. ரோட்டில் தடம் ஏன் இல்லை? அன்று ராத்திரி மழை. மாமா வீட்டு ஓட்டில் கொட்டியதே, அம்மா பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தாளே. போலீஸ் வந்தது மறுநாள் காலை. மழை நின்ற ரோட்டில் எந்தத் தடம் இருக்கும்? ஐம்பது வருஷம் அந்த மழை ஞாபகத்தில் இருந்தும் அதை ஒருநாள்கூடக் கொண்டுவந்து இங்கே வைக்கத் தோன்றவில்லையே. கை நிப்பிளை இறுக்கியிருக்கிறது. மூளைக்குச் சொல்லாமல் கை தன் வேலையை முடித்துவிட்டுச் சோப்பிடம் போயிருக்கிறது. அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், இத்தனை நாள் சந்தேகப்பட்டுவிட்ட ஒரு உறவுக்காரனைப் பார்ப்பதுபோல. பார்க்கும்போதே இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஹேண்ட்பிரேக். ஹேண்ட்பிரேக்கும் பின்சக்கரத்தைத்தானே பிடிக்கும், அதற்கு ஆயில் வேண்டாம், நிப்பிள் வேண்டாம், வெறும் கேபிள். பெடல் தரையைத் தொட்டதும் பையன் பதறி ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தால்? அப்போதும் சக்கரம் நிற்கும், அப்போதும் முள் விழும், அப்போதும் இதே இடத்தில் இதே கோடு. கோடு அப்படியே இருந்தது, அர்த்தம் மட்டும் புரண்டு படுத்துக்கொண்டது. அவர் எழுந்ததில் ஸ்டூல் சாய்ந்தது. காருக்குள் முழங்காலிட்டு, சீட்டுக்கு நடுவே இருக்கும் லிவரைத் தொட்டார். போன வாரம் கம்பளத்தை உரித்தபோது லிவரைக் கழற்றத் தோன்றாமல் சுற்றிலும் துணி கட்டி வைத்திருந்தார். துணியை அவிழ்த்து, லிவரின் அடியில், கேபிள் வந்து சேரும் கொக்கியில் விரலை விட்டார். கேபிள் இல்லை, உள்வேலை முடிந்த பிறகு புதிது போட்டுக்கொள்ளலாம் என்று பிரேக் பட்டறையில் விட்டு வைத்திருந்தார்கள். கொக்கியில் ஏதோ சொரசொரப்பு. டார்ச் அடித்துத் தலையைத் தரையோடு சாய்த்துப் பார்த்தார். சணல். கறுத்து, நார்நாராகி, ஆனாலும் முடிச்சு விடாமல். மூன்று சுற்றுச் சுற்றி இடதுகைப் பக்கம் போட்ட முடிச்சு, அவர் அப்பாவிடம் பஞ்சுப் பொதி கட்டக் கற்ற முடிச்சு. கேபிள் அறுந்து போயிருந்தது, மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரமாகும், அதுவரை லிவர் ஆடி லொடலொடக்காமல் இருக்கக் கட்டிப் போடுடா என்று மேஸ்திரி சொல்லி, அன்று காலை, பிரேக்குக்கு முன்னால், இவர்தான் கட்டினார். இது எப்படி மறந்தது. அன்றைக்கு அந்தக் காரில் ஹேண்ட்பிரேக்கே இல்லை. பையனிடம் இருந்தது ஒரு பெடல், அந்தப் பெடல் பிடித்தது. அவர் சணலைப் பிடித்தபடி தரையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

"ஏனுங்ணா, காருக்குள்ள தொழுகையா?"

இந்துமதி வாசலில் நின்றாள். அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, புதுச் சீட்டைக் கையால் தடவி, கதவைப் பிடித்து மெதுவாக உள்ளே இறங்கினாள். "நல்லா இருக்குதுங்க. இந்த வயசுல இதுல உக்காந்தா எந்திரிக்கக் கிரேன் வேணும்."

"கிரேன்காரன் அடுத்த தெருதானுங்க அம்மிணி. நீங்க தைரியமா உக்காருங்க."

சிரித்தவள் டேஷ்போர்டின் காலி ஓட்டையைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். "அது இன்னும் ஆகலீங்களா?"

"இப்பத்தானுங்க தொறந்தேன்."

"சீக்கிரம் சுரண்டிருங்ணா. அன்னைக்குள்ளது எதுவும் அதுல இருக்க வேண்டாம்." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முந்தின நாள் அப்பாவுக்கும் அவனுக்கும் பெரிய சண்டைங்க. அவன் ஒரு பொண்ணைக் கட்டிக்கறேன்னான், இவரு மாட்டேன்னாரு. பிரேக் புடிச்ச தடமே இல்லைன்னு போலீஸ்காரர் வந்து சொன்னாரு பாருங்க, அன்னைக்கு உக்காந்தவருதான். வேணும்னே மரத்துல விட்டுட்டான், நான்தான் கொன்னுட்டேன்னு சாகறவரைக்கும் அதே பேச்சு. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கறனுங்க."

அதே வார்த்தை. தடமே இல்லை. ஒரு மழை கழுவிப்போன ரோட்டைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் சொன்ன வார்த்தை, ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குள் போய், இங்கே ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி, ஐம்பது வருஷம் சோறு தின்றிருக்கிறது. இந்தக் கோடு தனக்காக மட்டும் காத்திருந்தது என்று அல்லவா நினைத்துவிட்டார். பேசாமல் சுரண்டிவிடலாம், தனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவருக்குத் தெரியும். மீட்டரைத் துண்டோடு தூக்கிக்கொண்டு போய் அவள் மடியில் வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தார்.

"பத்துக்குக் கீழ பாருங்க அம்மிணி. வெண்ணெய்க் கலர்ல ஒரு கோடு."

அவள் பார்த்தாள். முள் எப்படி அடிக்கும், சக்கரம் நின்றால் முள் ஏன் விழும் என்று அவர் சொன்னார். மழையைச் சொன்னார். பத்து வார்த்தையில் சொல்லிவிடலாம் என்று தொடங்கியது நீண்டுகொண்டே போயிற்று. "உங்கண்ணன் மிதிச்சாருங்க. முழு பலத்தோட மிதிச்சிருக்காரு. பொழைக்கோணும்னு மிதிச்சவரோட கோடுங்க இது."

அவள் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. வெளியே பேருந்து ஒன்று நின்று போயிற்று. பிறகு கேட்டாள், "அன்னைக்கு அந்த பிரேக் நல்லா இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்ணா தெரியும்?"

"அதைப் பாத்ததே நானுங்க."

சொல்லிவிட்டார். ஸ்பேனர், நாலாவது சக்கரம், வாசலில் மாமா, சோப்பு நுரை, அதற்குப் பிறகு பிரேக்கைத் தொடாதது, மனைவியிடம்கூடச் சொல்லாதது, ஹேண்ட்பிரேக் சணல், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னார். எண் பலகையைப் பார்த்ததும் சொல்லாமல் மறைத்ததையும் சொன்னார்.

"டயலைச் சுரண்டட்டுங்களா?" என்றார்.

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கிரீஸ் துண்டு, கன்னத்தில் ஒரு கீற்று ஒட்டியது, அவர் அதைச் சொல்லவில்லை. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பொண்ணு பாக்கவா போனீங்க?" என்றாள்.

"ஆமாங்க."

"எப்படி இருந்தாங்க?"

இதை யாரும் அவரைக் கேட்டதில்லை. அந்த நாள் அவருக்குச் சோப்பு நுரையோடு முடிந்து, சாயங்காலம் புளியமரத்தில் மறுபடி தொடங்கும். நடுவில் ஒரு பகல் இருந்திருக்கிறது. வெயில் இருந்திருக்கிறது, சாணி மெழுகிய வாசல் இருந்திருக்கிறது, கதவோரத்தில் மாம்பழக் கலர் சேலை.

"காப்பி கொண்டாந்து குடுத்தாளுங்க. பதட்டத்துல சக்கரை போட மறந்துட்டா. நான் முழுசாக் குடிச்சுட்டு, நல்லா இருக்குதுன்னேன்."

"அப்பறம்?"

"டம்ளரைக் கழுவறப்ப அடியில பிசுபிசுப்பே இல்லையேன்னு பாத்து, சக்கரை போடலைன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சாமுங்க. உள்ள போய் அவங்கம்மாகிட்ட, இவரையே பேசி முடிச்சுருங்கன்னாளாம்."

இந்துமதி சிரித்தாள். அவரும் சிரித்தார், நடுவில் நிறுத்தாமல்.